குதித்து விளையாடும் பிள்ளைகளின் முழங்கால் வலி: ஓய்வு மட்டும் ஏன் போதாது?

அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் கால்பந்து தலைமுறை தலைமுறையாக ஆடப்படுகிறது. வேறு ஊர்களில் வாலிபால், நகரங்களில் இரவு பத்து மணிக்கு மேல் வாடகைக்கு எடுக்கும் டர்ஃப் மைதானம், பள்ளியில் பேட்மிண்டன், கூடைப்பந்து. இப்படி விளையாடும் பிள்ளை ஒரு நாள் "முட்டி வலிக்குது" என்று வந்து நிற்கும்போது வீட்டில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, தைலம் தேய்த்துவிட்டு "சரியாப் போயிடும்" என்பது. இன்னொன்று, "இனிமே விளையாட்டே வேணாம், படிப்பைப் பாரு" என்று பூட்டுப் போடுவது.

இரண்டாலும் வலியின் மூலம் தீர்வதில்லை. ஓய்வெடுத்தால் வலி குறைகிறது. மீண்டும் மைதானத்தில் இறங்கிய சில நாட்களில் அதே இடத்தில் வலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படி இரண்டு மூன்று வருடம் இழுத்துக்கொண்டு போய், இருபது வயதில் விளையாட்டையே விட்டுவிட்ட இளைஞர்களை நாம் பார்க்கிறோம். ஏன் இப்படி ஆகிறது, இதற்கு உடற்பயிற்சி எப்படி மருந்தாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எந்த இடத்தில் வலிக்கிறது?

முழங்கால் வலி என்பது ஒரே நோய் அல்ல. விளையாடுபவர்களுக்கு அடிபடாமலேயே வரும் வலிகளில் மூன்று மிகப் பரவலானவை. பிள்ளையை உட்கார வைத்து, "ஒரே விரலால் காட்டு, எங்கே வலிக்குது?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முழங்கால் சில்லின் கீழ் நுனியில், விரல் நுனி அளவு இடத்தை மட்டும் காட்டினால், அது பெரும்பாலும் சில்லையும் அதற்குக் கீழே உள்ள டிபியா எலும்பையும் இணைக்கும் தசைநாணில் உள்ள கோளாறு. குதித்து ஆடுபவர்களுக்கு அதிகம் வருவதால் 1973இல் இதற்குக் 'குதிப்பவரின் முழங்கால்' என்ற பொருளில் ஜம்பர்ஸ் நீ என்று பெயர் வைத்தார்கள். நார்வேயில் உயர்மட்ட விளையாட்டு வீரர்களிடம் நடத்திய ஆய்வொன்றில் வாலிபால் வீரர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கும் கூடைப்பந்து வீரர்களில் 32 சதவீதம் பேருக்கும் இது இருந்தது.

சில்லைச் சுற்றியோ அதன் பின்பக்கமோ உள்ளங்கையால் மூடிக் காட்டி, "இங்கேதான் எங்கேயோ" என்றால் அது வேறு வகை. மாடிப்படி இறங்கும்போதும், குத்தவைத்து உட்காரும்போதும், வகுப்பில் நெடுநேரம் காலை மடக்கி இருந்த பிறகும் இது வலிக்கும். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம். விளையாடுகிற பெண் பிள்ளைகளின் வலியை "வளர்ற வயசு" என்று தள்ளிவிடுவது நம் வீடுகளில் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கிறது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம்.

மூன்றாவது, சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டாலே வலிப்பது. பத்து முதல் பதினைந்து வயதுக்குள் உயரம் வேகமாகக் கூடும் காலத்தில் வரும். 1903இல் இதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்பார்கள். வளரும் எலும்பின் மென்மையான முனையைத் தசைநாண் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது. புடைப்பைப் பார்த்துத் தாய்மார்கள் பயந்துவிடுகிறார்கள். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலோருக்கு வலி நின்றுவிடும், புடைப்பு மட்டும் சிலருக்கு அப்படியே தங்கும்.

நம் பக்கத்தில் இவை எல்லாவற்றுக்கும் "நரம்பு இழுத்துக்கிச்சு" அல்லது "ஜவ்வு தேஞ்சிடுச்சு" என்ற ஒரே விளக்கம்தான். நரம்பும் இழுக்கவில்லை, ஜவ்வும் தேயவில்லை.

தசைநாணுக்கு என்ன ஆகிறது?

முதல் வகையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். வலுவான இளைஞர்களைப் பல மாதங்கள் முடக்குவது இதுதான்.

தசைநாண் என்பது தசையின் இழுவையை எலும்புக்குக் கடத்தும் கயிறு. ஓடிவந்து குதித்து இறங்கும் அந்த நொடியில் இந்தக் கயிறு உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குகிறது, ஸ்பிரிங் போலச் சுருங்கி விரிகிறது. சுமை படிப்படியாகக் கூடினால் அதற்கேற்பத் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். சாதாரணக் கயிற்றுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். ஆனால் அது மெதுவாக நடக்கும் வேலை. பரீட்சைக்காக இரண்டு மாதம் மைதானப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, விடுமுறை தொடங்கியதும் ஒரே வாரத்தில் ஐந்து மேட்ச் ஆடினால் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. இழைகள் சில இடங்களில் ஒழுங்கு குலைகின்றன. வலி தொடங்குகிறது.

அப்படிக் குலைந்த பகுதி சீக்கிரம் புதிதாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு விநோதமான வழியில் இதைச் சோதித்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 அளவை வைத்து, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணின் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்ற முடிவு கிடைத்தது. ஆகவே சிகிச்சையின் நோக்கம் நைந்த இழைகளை ஒட்டவைப்பது அல்ல. நன்றாக இருக்கும் மற்ற இழைகளையும், அவற்றை இழுக்கும் தொடைத் தசையையும் சுமை தாங்கும்படி ஆக்குவதுதான்.

வெறும் ஓய்வு ஏன் போதாது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஆறு வாரம் சும்மா இருந்தால் வலி தணியும். கூடவே தொடைத் தசை மெலியும், தசைநாணின் தாங்கும் சக்தியும் இறங்கும். பிறகு பழைய வேகத்தில் குதித்தால், முன்பைவிடப் பலவீனமான கயிற்றில் முன்பு இருந்த அதே சுமையை ஏற்றுகிறோம்.

ஐஸ் வைப்பதும் வலி மாத்திரையும் சில மணி நேரத்துக்கு உதவலாம், அவ்வளவுதான். ஸ்டீராய்டு ஊசி போட்டால் முதல் சில வாரங்கள் அற்புதமாக இருக்கும். 2009இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில் ஊசி போட்டவர்களும் பயிற்சி செய்தவர்களும் 12 வாரத்தில் ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆறு மாதத்தில் ஊசிக்காரர்களின் வலி திரும்பிவிட்டது, மெதுவாகக் கனமான எடை தூக்கிப் பயிற்சி செய்தவர்களின் முன்னேற்றம் நிலைத்தது. அறுவை சிகிச்சையையும் பயிற்சியையும் ஒப்பிட்டு 2006இல் நார்வேயில் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பயிற்சியை ஒழுங்காகச் செய்து பார்க்காமல் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படத் தேவையில்லை என்பதே இதன் பொருள்.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. வலியே இல்லாத வீரர்களின் ஸ்கேனிலும் தசைநாணில் மாற்றங்கள் தெரிவதுண்டு. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள பயமுறுத்தும் வரிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நான்கு படிகள்

2021இல் நெதர்லாந்தில் 76 பேரை வைத்து 24 வாரம் நடந்த ஆய்வில், படிப்படியாகச் சுமை கூட்டும் முறை பழைய முறையைவிட நல்ல பலன் தந்தது. பழைய முறை என்பது சாய்வுப் பலகையில் நின்று ஒரு காலால், வலியைப் பொறுத்துக்கொண்டு, மெதுவாக உட்காரும் பயிற்சி. புதிய முறையில் நான்கு படிகள் உள்ளன. ஒரு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தொடங்குவது நல்லது. என்றாலும் வீட்டில் உள்ளவர்களுக்கும் இது விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் பல மாதம் பிள்ளையோடு உட்கார்ந்து இதைச் செய்ய வைக்கப் போவது நீங்கள்தான்.

முதல் படியில் அசைவே கிடையாது. தசையை இறுக்கிப் பிடித்து நிற்பது மட்டுமே. ஜிம்மில் காலை நீட்டும் மெஷினில் பாதி மடக்கிய நிலையில் 45 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடம் இடைவெளி. இப்படி ஐந்து முறை. முழுப் பலத்தில் பத்தில் ஏழு பங்கு போட்டால் போதும். மெஷின் இல்லாத வீட்டில், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பது போலக் கீழிறங்கி நிற்கலாம். பழகியவர்கள் ஒரு காலில் சுமையைக் கூட்டலாம். இதைச் செய்து முடித்ததும் பலருக்கு வலி குறைகிறது. மாத்திரைக்குப் பதிலாக இதைச் செய் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டாவது படிதான் சிகிச்சையின் முதுகெலும்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கனமான சுமையோடு மெதுவாக அசைவது. கீழிறங்க மூன்று நான்கு நொடி, மேலே வர மூன்று நொடி. ஆரம்பத்தில் 15 முறை செய்யக்கூடிய சுமை, வாரங்கள் போகப் போகச் சுமையைக் கூட்டி 6 முறைதான் முடியும் என்ற அளவுக்கு. வீட்டிலேயே செய்யலாம். உறுதியான நாற்காலியில் ஒரு காலால் மெதுவாக உட்கார்ந்து எழுவது, ஒரு காலை முன்னால் வைத்து இன்னொன்றைப் பின்னால் வைத்து இறங்குவது. சுமைக்குப் பள்ளிப் பையில் புத்தகங்கள், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை. வெளியே ஜிம்முக்குப் போக வசதிப்படாத பெண் பிள்ளைகளுக்கும் இந்தப் படியில் பெரும்பகுதியை வீட்டு அறைக்குள்ளேயே முடிக்க முடியும்.

இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். சுமையே இல்லாமல் காலை மேலே தூக்கி இறக்கும் பயிற்சியை ஆறு மாதம் செய்துவிட்டு "எக்சர்சைஸ் எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, கேக்கலை" என்பார்கள். தசைநாண் கனமான சுமைக்குத்தான் பதில் சொல்லும். லேசான பயிற்சியை நூறு முறை செய்தாலும் அந்தப் பலன் வராது. இன்னொன்று, காலை மட்டும் பார்த்தால் போதாது. இடுப்புப் பக்கத் தசைகளும் கெண்டைக்காலும் பலவீனமாக இருந்தால் குதித்து இறங்கும் சுமை முழுவதும் முழங்காலுக்கே போய்ச் சேரும். ஒருக்களித்துப் படுத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்குவது, படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது படியில் குதிப்பது திரும்ப வருகிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை. முதலில் இரண்டு காலாலும் சின்னச் சின்னக் குதிப்பு, பிறகு ஒரு சிறு மேடையில் ஏறிக் குதித்து இறங்குவது, பிறகு ஒரு காலில். நான்காவது படியில் அவரவர் விளையாட்டு. வாலிபால் வீரருக்கு ஸ்மாஷ் குதிப்பு, கால்பந்து வீரருக்குத் திடீர் ஓட்டமும் திருப்பமும். பயிற்சி ஆட்டத்தில் இருபது நிமிடம், அடுத்த முறை அரை மணி நேரம் என்று கூட்ட வேண்டும். இந்தப் படிக்கு வந்த பிறகும் இரண்டாவது படியின் எடைப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்போது போவது? காலண்டரைப் பார்த்து அல்ல, வலியைப் பார்த்து. வலியே இல்லாமல் இருப்பதை பூஜ்யம் என்றும் தாங்கவே முடியாததைப் பத்து என்றும் வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது மூன்று வரை வலிப்பதில் பயமில்லை. மறுநாள் காலை ஒரு காலில் நின்று மெதுவாக முழங்காலை மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நேற்றைய அளவுக்கு மேல் வலித்தால், முந்தைய நாள் சுமை அதிகமாகிவிட்டது. குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்தத் தேவையில்லை. ஒரு சின்ன நோட்டில் தேதி, செய்த பயிற்சி, மறுநாள் வலி எண் என்று எழுதி வைத்தால், மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது பிள்ளைக்கே நம்பிக்கை வரும்.

எத்தனை நாள் ஆகும்?

கசப்பான பதில்தான். வாரங்கள் இல்லை, மாதங்கள். மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வில் 24 வாரம் முடிந்தபோது பழைய அளவுக்கு விளையாடத் திரும்பியவர்கள், நல்ல பலன் கண்ட குழுவிலேயே 43 சதவீதம்தான். மற்றவர்களுக்கும் முன்னேற்றம் இருந்தது, கூடுதல் காலம் தேவைப்பட்டது. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் 2012 விம்பிள்டனுக்குப் பிறகு இடது முழங்கால் தசைநாண் வலியால் ஏறத்தாழ ஏழு மாதம் ஆடவில்லை. 2013 பிப்ரவரியில் திரும்பி, அதே ஆண்டு பிரெஞ்ச் ஓப்பனையும் அமெரிக்க ஓப்பனையும் வென்றார்.

கால்பந்துப் பிரியர்களுக்குப் பிரேசிலின் ரொனால்டோவின் கதை நினைவிருக்கும். 1999 நவம்பரில் இண்டர் மிலானுக்காக ஆடும்போது இதே தசைநாணில் காயம், அறுவை சிகிச்சை. 2000 ஏப்ரலில் லாசியோவுக்கு எதிராகக் களமிறங்கிய சில நிமிடங்களிலேயே தசைநாண் முழுவதுமாக அறுந்து விழுந்தார். அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. பிறகு 2002 உலகக் கோப்பையில் 8 கோல், இறுதிப் போட்டியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு. தசைநாண் முழுவதும் அறுவது அபூர்வம், வலி உள்ள எல்லோரும் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அவ்வளவு மோசமான காயத்திலிருந்தும் பொறுமையான பயிற்சியால் திரும்ப முடிந்தது என்பதற்காகச் சொன்னோம்.

சிகிச்சையைச் செய்துகொண்டே எல்லா மேட்சும் ஆடலாமா என்பது பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி. நார்வே வாலிபால் வீரர்களைச் சீசன் நடக்கும்போதே 12 வாரம் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். ஆட்டத்தைக் குறைக்காத அவர்களுக்குப் பலன் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே குதிப்பைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்காகக் குழுவை விட்டு விலக்கிவிடாதீர்கள். பந்து தூக்கிக் கொடுக்கலாம், நிதானமாகப் பாஸ் பழகலாம், ஸ்கோர் எழுதலாம். மைதானத்திலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்ட பிள்ளை, ஒன்று ரகசியமாகப் போய் ஆடும், இல்லை மொபைலோடு மூலையில் ஒதுங்கும்.

மற்ற இரண்டு வகைக்கும் இதே அடிப்படைதான், அளவு மாறும். சில்லைச் சுற்றிய வலிக்கு இடுப்புத் தசைப் பயிற்சியும் தொடைத் தசைப் பயிற்சியும் சேர்ந்தே தேவை. வலிக்கும் ஆழத்துக்கு மடக்காமல் தொடங்க வேண்டும். ஆஸ்குட்–ஷ்லாட்டருக்கு டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுள்ள 51 பிள்ளைகளுக்கு, முதலில் ஓட்டம் குதிப்பைக் குறைத்து, பிறகு தொடைத் தசையைப் பலப்படுத்தும் 12 வாரத் திட்டம் கொடுத்தார்கள். 80 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் 12 வாரத்தில் விளையாட்டுக்குத் திரும்பியது 16 சதவீதம், ஓராண்டில் 69 சதவீதம். "வலி குறைஞ்சிடுச்சே, ஆடலாம்ல?" என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டலாம்.

தொழுகையும் நோன்பும்

முழங்கால் வலி உள்ள பிள்ளை தொழுகையில் சிரமப்படுவதைப் பெற்றோர் முதலில் கவனிப்பார்கள். ஸுஜூதும் இருப்பும் தசைநாணைக் கெடுப்பதில்லை, குதிப்பதோடு ஒப்பிட்டால் அந்தச் சுமை மிகக் குறைவு. ஆனால் ஆஸ்குட்–ஷ்லாட்டர் உள்ளவர்களுக்குப் புடைத்த இடம் நேரடியாகத் தரையில் அழுந்தும். தடிமனான விரிப்போ, தொழுகை விரிப்புக்குக் கீழே மடித்த போர்வையோ போதும். சில்லுக்குப் பின்னால் வலிப்பவர்களுக்கு முழுக்க மடக்கி உட்காரும் இருப்பு வலிக்கும், எழும்போது கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாத அளவு வலி என்றால் மார்க்கத்தில் சலுகை உண்டு, எந்த அளவில் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரமளானில் ஒரு மாதம் பயிற்சியை முழுவதும் நிறுத்திவிட்டால் அதுவரை சேர்த்த பலம் இறங்கிவிடும். எடைப் பயிற்சியை நோன்பு திறந்து சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ, தராவீஹ் முடிந்த பிறகோ, வாரம் இரண்டு முறை செய்தாலே சேர்த்த பலம் பெரும்பாலும் நிற்கும். நோன்பு வைத்துக்கொண்டு பகலில் குதிக்கும் பயிற்சி வேண்டாம். இதைவிட நாம் கவலைப்படுவது பெருநாள் விடுமுறைப் போட்டிகளைப் பற்றித்தான். ஒரு மாதம் ஆடாத கால்கள் மூன்று நாளில் ஆறு மேட்ச் ஆடுகின்றன. போட்டி நடத்தும் சங்கங்கள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மேட்ச் என்று வைத்தால் எத்தனையோ முழங்கால்கள் தப்பிக்கும்.

வேறு காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை எழுதினால், பிள்ளைக்குத் தசைநாண் வலி இருப்பதை அவரிடம் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மேலே சொன்ன எல்லாமே மெல்ல மெல்ல வந்த வலிக்கு மட்டும்தான். கால் திரும்பி "டப்" என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கினால் அது ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்ததாக இருக்கலாம். எண்ணெய் போட்டு நீவவோ இழுத்துக் கட்டவோ கொண்டுபோகாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள். முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, உட்கார்ந்து காலை நேராகத் தூக்கவே முடியாதது, காய்ச்சலோடு சிவந்து சூடாக வீங்குவது ஆகியவையும் அப்படியே.

இரண்டு விஷயங்களைப் பெற்றோர் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளை முழங்கால் வலி என்று சொல்லி நொண்டினாலும், கோளாறு சில சமயம் இடுப்பு மூட்டில் இருக்கும். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவுவது இந்த வயதில் நடக்கிறது, அதன் வலி சில சமயம் முழங்காலில் தெரியும். மருத்துவர் முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், "இடுப்பையும் பாத்துடுங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். அடுத்தது, விளையாடாத நாளிலும் விடாமல், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. அதோடு முழங்காலுக்கு அருகே எலும்பில் வீக்கமும் கூடிக்கொண்டே வந்தால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்புப் புற்றுநோய் அபூர்வம், ஆனால் வரும்போது இந்த வயதில், இந்த இடத்தில்தான் அதிகம் வருகிறது.